ஆறு மணி வரைக்கும் ஓர் இருக்கை

தடதடவென்று ஒரு சத்தம். கூரைதான் பெயர்ந்து விழுந்துவிட்டதோ என்று அவள் பதறிப்போனாள்.

கூரை இல்லை. சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தட்டு அலமாரி. தட்டு, தம்ளர், மூடி, கரண்டி என்று பதினெட்டு வருடக் குடித்தனம் மொத்தமும் தரையில் உருண்டது. ஒரு மூடி மட்டும் படுக்க மனமில்லாமல் வட்டமடித்து, வட்டமடித்து, கடைசியில் அடங்கியது.

குளியலறையிலிருந்து மகள் வாயில் பல் பிரஷ்ஷோடு ஓடிவந்தாள். மாடிவீட்டுக்காரர் மேலிருந்து இரண்டு தட்டுத் தட்டினார். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

கணவர் மட்டும் அசையவில்லை.

ஆறடி தூரத்தில், சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். இடது கால் முடிந்தது. நிதானமாக வலது ஷூவை எடுத்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் செத்து விழுந்திருந்தால்கூட ஷூவை மாட்டிக்கொண்டு தாண்டித்தான் போவார் போலிருக்கிறது. வீம்புக்கும் ஓர் அளவு வேண்டாமா?

வீம்பு ஆரம்பித்து இன்றோடு ஐந்து நாள். போன வியாழக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் மூண்ட சண்டை இன்னும் அணையவில்லை.

விஷயம் இதுதான். அவளுடைய பழைய சிநேகிதி குச்சிக்குக் கல்யாணம். நாற்பத்து நாலு வயதில், முதல் கல்யாணம். குச்சி இருக்கிற ஊருக்குப் போவதென்றால் இரண்டு விமானம், அப்புறம் ஆறு மணி நேர பஸ். போக, வர, இருக்க என்று ஆறு நாள். கண்ணாடிக் கடையில் பதினைந்து வருடம் வேலை பார்த்ததற்காக முதலாளி கொடுத்த வெகுமதித் தொகை அப்படியே வங்கியில் கிடந்தது. அதில் போய்வரலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

"வேண்டாம். அந்தக் காசைத் தொடாதே" என்றார் அவர். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டதற்கும் இல்லை.

"அது என் காசுங்க" என்றாள் அவள்.

பதினெட்டு வருடத்தில் உன் காசு, என் காசு என்று அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. வாயை விட்டுப் போன பிறகு பிடித்து இழுக்க முடியுமா? அவர் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் துண்டுச்சீட்டு ஒட்டித்தான் குடித்தனம் நடக்கிறது. 'பால் தீர்ந்துவிட்டது' என்று அவள் எழுதுவாள். 'வாங்கியாச்சு' என்று அதன் கீழேயே அவர் எழுதுவார். இரண்டு பேருக்கும் கையெழுத்து நன்றாக இருந்ததுதான் மிச்சம்.

"என்னம்மா, குண்டு போட்டாங்களா?" மகள் நுரையை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"ஆமா. உங்கப்பா ஸ்க்ரூ முடுக்கின லட்சணம். ஊர் லிஃப்டெல்லாம் தூக்கி நிறுத்துறவரு வீட்டுல ஒரு அலமாரியை நிறுத்தத் தெரியலை."

மகள் அப்பாவின் எதிரில் போய் நின்று சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். அப்போதுதான் அவர் திரும்பினார். தரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி ஒரு முகம். குனிந்து காலடியில் கிடந்த ஒரே ஒரு தம்ளரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"உங்கப்பாகிட்டச் சொல்லுடி" என்றாள் அவள், அவருடைய முதுகுக்குக் கேட்கும்படி. "டிக்கெட்காரர் இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் சீட்டைப் பிடிச்சு வைப்பாராம். அதுக்குள்ள வாயைத் திறந்து ஒரு காரணம் சொன்னா நல்லது. இல்லைன்னா நான் பாட்டுக்குப் போடச் சொல்லிடுவேன்."

கதவு சாத்திக்கொண்டது.

"நான் வேணா சொல்லிப் பார்க்கவா?" என்றாள் மகள். "ஆனா இப்பல்லாம் அப்பாகிட்ட எது கேட்டாலும் 'சரி'ங்கிறார்மா. முந்தாநாள், 'நான் ஸ்கூட்டர் வாங்கிக்கட்டுமா'ன்னேன். 'சரி'ன்னார். நேத்து, 'மொட்டை அடிச்சுக்கட்டுமா'ன்னேன். அதுக்கும் 'சரி.' ரொம்ப நல்லவரா மாறிட்டார். இந்தச் சண்டையை இன்னும் கொஞ்ச நாள் நீட்டிக்க முடியுமான்னு பாரு."

"பிரஷ்ஷை வாயிலேருந்து எடு முதல்ல" என்றாள் அவள்.

கரண்டிகளைப் பொறுக்கும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். போகிறேன். யார் என்ன சொன்னாலும் சரி.

குச்சியின் கல்யாணத்துக்கு அவள் போகாவிட்டால் வேறு யார் போவார்கள்? பதினெட்டு வருடத்துக்கு முன்னால், இரண்டு வீட்டுக்காரர்களும் கதவைச் சாத்திக்கொண்ட கல்யாணம் அவளுடையது. பதிவு அலுவலகத்து மர பெஞ்சில் மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பக்கத்துக்குச் சாட்சி சொல்ல உடன் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். அவள் பக்கத்துக்கு ஆள் இல்லை. சாட்சி இல்லாவிட்டால் நாளைக்கு வாருங்கள் என்று குமாஸ்தா பேனாவை மூடப்போன நேரத்தில் வாசலில் வந்து நின்றவள் குச்சி. இரண்டு நாள் பஸ்ஸில் வந்திருந்தாள். ஒரு கால் செருப்பு வார் அறுந்து, பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தது. கையில் பாதி தின்ற பன் பாக்கெட். கையெழுத்துப் போட்டாள், அவளைக் கட்டிக்கொண்டாள், லீவு இல்லை என்று அன்று சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டாள்.

"என் கல்யாணத்துக்கு நீ வருவ இல்ல, ஆந்தை?" என்று பஸ் ஜன்னலிலிருந்து கேட்டாள். அந்தக் காலத்திலேயே கண்ணாடி போட்டிருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர்.

"வராம?" என்று சொல்லியிருந்தாள்.

அது இந்த மனிதருக்குத் தெரியாதா? அன்று அந்த பஸ் போனதும், "உன் கூட்டாளிக்கு ஒரு வாய் சாப்பாடுகூட வாங்கிக் குடுக்காம விட்டுட்டோமே" என்று வழியெல்லாம் புலம்பியவர் இவர்தானே?

*

கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்க்கிற அறை அவளுடையது. ஃபிரேமின் வடிவத்துக்கு லென்ஸின் ஓரத்தை வெட்ட வேண்டும். கல் சுழலும்போது தண்ணீர் பீச்சும். முழங்கை வரை வெள்ளைச் சேறு. பக்கத்து அறையில் காது சோதனை. கடைக்கு ஒரே போர்டு, ஒரே முதலாளி. அவர் இவளைக் கண்ணுக்காரி என்பார், சோதனை பார்க்கிற பெண்ணைக் காதுக்காரி என்பார். "மூக்குக்காரி ஒருத்தி கிடைச்சா ஒரு முகம் முடிஞ்சிடும்" என்பது பத்து வருடமாக அவர் சொல்லும் ஜோக்.

பதினோரு மணிக்குக் குச்சி போன் செய்தாள்.

"டீ ஆந்தை, திட்டாதே. உன்னைக் கேக்காம ஒண்ணு பண்ணிட்டேன். சாட்சின்னு உன் பேரை எழுதிக் குடுத்துட்டேன்."

"என் பேரையா?"

"வேற யார் பேரை எழுதுவேன்? எங்கண்ணன், இந்த வயசுல இது ஒரு கேடா, ஊர் சிரிக்கும்னுட்டான். சிரிக்கட்டுமே. நான் கட்டிக்கப்போற இவர் சிரிச்சா இன்னும் மோசம், தும்முற மாதிரியே இருக்கும். மரவேலைக்காரர் இல்லையா, மூக்கு பூரா மரத்தூள்." குரல் இறங்கியது. "வருவ இல்ல? முடியலைன்னா இப்பவே சொல்லிடு. கடைசி நேரத்துல அந்த ஆபீஸ் வாசல்ல நின்னுக்கிட்டு ரோட்டைப் பார்த்துட்டு இருக்க என்னால முடியாதுடி."

காலையில் உருண்ட அலமாரி அவள் தலைக்குள் இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

"வரேண்டி" என்றாள். "சத்தியமா வரேன்."

அந்தப் பக்கம் குச்சி அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் அவளிடம் ஒரே சத்தம்தான்.

மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காதுக்காரியிடம் கொட்டித் தீர்த்தாள். அலமாரி விழுந்தது, மாடிவீட்டுக்காரர் தட்டியது, நாய் குரைத்தது, இவர் ஷூ மாட்டியது.

"கோவத்துல இருக்கிறவங்க காது கேக்காத மாதிரி அருமையா நடிப்பாங்கக்கா" என்று சிரித்தாள் காதுக்காரி. "மாசத்துக்கு ரெண்டு பேரையாவது பொண்டாட்டிங்க என் ரூமுக்கு இழுத்துட்டு வருவாங்க. பாதிப் பேருக்கு ஒரு கோளாறும் இருக்காது. அவங்க காது அந்தம்மா பேச்சுக்கு மட்டும்தான் லீவு."

"நடிக்கிறாங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"பின்னால நின்னுக்கிட்டு ஒரு ட்ரேயைத் தவறவிடுவேன். வாயை அடக்கலாம், முகத்தை அடக்கலாம். தோள்பட்டையை மட்டும் யாராலயும் அடக்க முடியாது. ஒரு துள்ளு துள்ளிடும்." ஒரு கவளத்தை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். "அண்ணனுக்குத் துள்ளிச்சா?"

காலையில் அவள் அந்த முதுகைத்தான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்த முதுகு. நாடாவை இழுத்த கை. தோள் இருந்த இடத்திலேயே இருந்தது.

"அக்கா?"

"இல்லை" என்றாள். "துள்ளலை."

காதுக்காரி டப்பாவை மூடினாள். இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "எவ்வளவு நாளா இப்படி?"

எவ்வளவு நாளாக? டி.வி. செய்தியில் கீழே ஓடுகிற எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு சத்தத்தைக் குறைத்து வைப்பாரே, அது எப்போதிலிருந்து? "கையெல்லாம் எண்ணெய், போனை நீயே எடுத்துக் கேளு" என்பாரே, அது? மகள் மொட்டை அடித்துக்கொள்ளக் கேட்டபோது அவர் சரி என்றது தாராளத்தினாலா? அவள் இதையெல்லாம் ஒரு வருடமாகவோ அதற்கும் மேலாகவோ பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானமும் இருந்தது. இந்த ஐந்து நாளில் சமாதானம்கூடத் தேவைப்படவில்லை. சண்டை போட்டவர்கள் பேசிக்கொள்ளாமல் இருப்பதை யார் வியாதி என்று நினைப்பார்கள்? அவர் காது கேட்காமல் தவித்த வீட்டில் அவள் பேச மாட்டேன் என்று விரதம் இருந்திருக்கிறாள்.

"கருவி வச்சா கேக்குமா?"

"சோதிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். பெரும்பாலும் கேக்கும். ஆனா ரெண்டு காதுக்கும் நல்லதா வாங்கணும்னா..." காதுக்காரி தயங்கினாள். "முதலாளி உங்களுக்குக் குடுத்தாரே, அது மொத்தமும் போயிடும்கா. நான் எவ்வளவு குறைச்சுப் போட்டாலும்."

அறைக்குத் திரும்பி வந்து கல்லை ஓடவிட்டாள். நாலரை மணிக்கு முதலாளி ஒரு கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏம்மா கண்ணுக்காரி, இவருக்கு ரெண்டும் வலது கண்ணா? ஆளை எனக்கும் கொஞ்சம் காட்டு."

இடதுக்கும் வலது வடிவத்திலேயே வெட்டியிருந்தாள். பதினைந்து வருடத்தில் அவள் வீணாக்கிய முதல் லென்ஸ் அது. திட்டலாம் என்று வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றினார்.

"வீட்டுக்குப் போம்மா. மீதியை நாளைக்குப் பார்த்துக்கலாம்."

*

கதவைத் திறக்கும்போது மணி ஐந்தே கால். மகள் ஏழு மணிக்குத்தான் வருவாள். அவர் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதே அதிசயம்.

சமையலறையில் ஸ்டூல்மேல் ஏறி நின்று அலமாரியைச் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தார். முதுகு அவள் பக்கம்.

"ஏங்க" என்றாள்.

ஸ்க்ரூ ஒரு சுற்று இறங்கியது.

"ஏங்க, நான் போகலைங்க. குச்சி கல்யாணத்துக்கு."

இன்னொரு சுற்று.

ஐந்து நாள் கழித்து அவரோடு அவள் பேசிய முதல் வார்த்தை அந்த முதுகில் பட்டுக் கீழே விழுந்தது. அவள் சுற்றிக்கொண்டு போய் ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் படும்படி நின்றாள். அவர் திடுக்கிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இப்போது தோள் துள்ளியது.

"வந்துட்டியா?" என்று கீழே இறங்கினார். "நாலு ஸ்க்ரூ போட வேண்டிய இடத்துல ரெண்டுதான் போட்டிருந்தேன். என் தப்புதான்."

"எப்பலேருந்து?"

"வீடு மாறி வந்த அன்னிக்குப் போட்டது."

"அலமாரியைக் கேக்கலை." தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் கண் அவள் உதட்டிலேயே நின்றது. இந்தப் பார்வையை எத்தனை நாளாகத் தன்மேல் இருக்கிற ஆசை என்று நினைத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நேரத்திலும் சிரிப்பு வரப் பார்த்தது.

"ரெண்டு வருஷமா. கொஞ்சம் கொஞ்சமா" என்றார். "இடது சுத்தமா போச்சு. வலதுல எப்பவும் மழை பெய்யுற மாதிரி ஒரே இரைச்சல். பக்கத்துல வந்து முகத்தைக் காட்டிப் பேசினாப் புரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"மோட்டார் மேல ஸ்க்ரூ டிரைவரை வச்சு, அதுல காதை வச்சு, எந்த பேரிங் போச்சுன்னு சொல்றவன் நான். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். காது போச்சுன்னு வெளியில தெரிஞ்சா யாரு வேலை குடுப்பா?"

"நான் என்ன உங்க கம்பெனியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தால் அவள் பேசுவது தெரியாது. அவள் அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். லென்ஸ் சேறு காய்ந்த விரல் அவர் கன்னத்தில் வெள்ளையாகக் கோடு போட்டது.

"சண்டைன்னு நினைச்சுட்டேங்க" என்றாள். "ஐஞ்சு நாளும் வீம்பு பண்றீங்கன்னு நினைச்சுட்டேன்."

"வீம்பும்தான்" என்றார் அவர். "பாதி பாதி."

போன் அடித்தது. டிக்கெட்காரர். சுவர்க் கடிகாரத்தில் ஆறுக்கு இருபது நிமிடம் இருந்தது.

"மேடம், உங்க ஒருத்தங்களுக்காகத்தான் ஆபீஸைத் திறந்து வச்சிருக்கேன். பத்து பேர் அந்த சீட்டைக் கேக்குறாங்க. போட்டுடட்டுமா, விட்டுடட்டுமா?"

"ஒரு நிமிஷம் இருங்க" என்று போனைக் கையால் பொத்தினாள். பதிவு அலுவலகத்து வாசலில் நின்று ரோட்டைப் பார்க்கும் குச்சி கண்முன்னால் வந்தாள். இமைத்தும் போகவில்லை. சத்தியமா வரேன் என்று சொல்லி ஏழு மணி நேரம்கூட ஆகவில்லை.

அவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். "நான் போகலை. அந்தக் காசுல உங்க காதுக்குக் கருவி வாங்குறோம். நாளைக்குக் காலையில என்கூட கடைக்கு வர்றீங்க."

அவர் அதைப் படித்து முடித்தார். தலையை ஆட்டினார். "வேண்டாம்."

"எதுக்கு வேண்டாம்? நான் குச்சிகிட்ட என்ன சொல்றதுன்னு பார்க்குறீங்களா? அது என் பாடு."

"கருவி வேண்டாம்மா."

"அப்ப நான் போயிட்டு வரட்டுமா?"

"அதுவும் வேண்டாம்."

அடக்கி வைத்திருந்த ஐந்து நாள் கோபமும் அவள் தொண்டைக்கு வந்தது. "ரெண்டும் வேண்டாம்னா அந்தக் காசை வச்சுக்கிட்டு என்னதாங்க பண்ணப் போறோம்?"

அவர் ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்தார். அது உருண்டு விழப்போனது. பிடித்து மறுபடியும் வைத்தார்.

"ஆஸ்பத்திரியில கட்டணும்."

"யாருக்கு என்ன?"

"உனக்குத் தெரியாதவங்க. வயசான அம்மா. வியாழக்கிழமை லிஃப்டுக்குள்ள மாட்டி, இருட்டுல நாப்பது நிமிஷம் கிடந்து, மயங்கி விழுந்து தலையில அடி. இன்னும் கண்ணு முழிக்கலை. வெள்ளிக்கிழமையிலேருந்து எனக்கும் வேலை இல்லை. காலையில கிளம்பி, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் போய் உக்காந்திருக்கேன்."

பொத்திய கைக்குள்ளிருந்து டிக்கெட்காரரின் குரல் மெல்லக் கேட்டது. மேடம், மேடம், லைன்ல இருக்கீங்களா?

"லிஃப்ட் மாட்டிக்கிட்டா கம்பெனி பார்த்துக்கட்டும்" என்றாள் அவள். "அதுக்கு நீங்க ஏங்க கட்டணும்?"

இந்த முறை அவர் அவள் உதட்டைப் பார்க்கவில்லை.

"கரண்டை நிறுத்துறதுக்கு முன்னால, 'உள்ள ஆள் இருக்கா'ன்னு மூணு தடவை கூப்பிடணும், அதான் எங்க வேலையில முறை. நான் மூணு தடவையும் கூப்பிட்டேன்மா. அப்புறம் லிஃப்ட் கேமராவுல பார்த்தா, 'இருக்கேன்'னு அந்தம்மா மூணு தடவையும் பதில் சொல்லியிருக்காங்க."